ஈரம் குடித்த லோட் செல்: 150 கிலோ தராசைப் பழுது பார்த்த செய்முறை

இந்தத் தராசு பினாங்கில், தண்ணீர்மலைப் பக்கம் அன்னதானம் சமைக்கும் ஒரு கூடத்தின் ஸ்டோரில் இருப்பது. அரிசி மூட்டை, பருப்பு, வெங்காயம், உருளைக்கிழங்கு எல்லாம் இதில் ஏறி இறங்கித்தான் அடுப்படிக்குப் போகும். மேடை 40க்கு 50 சென்டிமீட்டர். 150 கிலோ வரை நிறுக்கும், 50 கிராம் படிகளில் காட்டும். மேடைக்கு அடியில் நட்டநடுவே ஒரே ஒரு அலுமினிய லோட் செல் (பாரத்தை மின் சிக்னலாக மாற்றும் கட்டை), 200 கிலோ தாங்குவது.

குறை இதுதான். காலையில் வெறும் மேடையில் சைபர் வைத்தால், பானைகள் கொதிக்கத் தொடங்கியதும் எண் மெல்ல ஏறும். ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ வரை போகும். மழை நாளில் இன்னும் மோசம். ஆனால் சைபர் வைத்த கையோடு 10 கிலோ அரிசிப் பையை வைத்தால் 10 கிலோதான் காட்டுகிறது. இதைக் கவனிக்க வேண்டும். சைபர் அலைகிறது, வைத்த எடைக்கான வித்தியாசம் மட்டும் சரியாக வருகிறது. இப்படி இருந்தால் செல்லைத் தூக்கிப் போட அவசரப்பட வேண்டாம். பெரும்பாலும் அது கெட்டுப்போயிருக்காது, நனைந்திருக்கும்.

திறப்பதற்கு முன் ஒரு விஷயம். மலேசியாவில் பொருள் விற்க வாங்கப் பயன்படும் தராசு 1972ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டத்துக்கு உட்பட்டது. கடைத் தராசின் முத்திரையை நாமாக உடைக்கக் கூடாது. உரிமம் உள்ள பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து, மறுபடி சரிபார்த்து முத்திரை வாங்க வேண்டும். இங்கே உள்ளது ஸ்டோரின் உள்கணக்குக்கு மட்டுமான தராசு, விற்பனை எதுவும் இல்லை. அதனால்தான் கை வைக்கிறோம்.

50 கிராம் என்பது எத்தனை ஓம்?

ஈரம் ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பது கணக்குப் போட்டால்தான் உறைக்கும். செல் என்பது ஒரு அலுமினியக் கட்டை. நடுவில் ஒன்றோடொன்று சேர்ந்த இரண்டு துளைகள். அவற்றால் மேலே இரண்டு இடத்திலும் கீழே இரண்டு இடத்திலும் உலோகம் மெலிந்திருக்கும். பாரம் ஏறினால் கட்டை வளைவது அந்த நான்கு மெலிந்த இடங்களில்தான். அவற்றுக்கு நேராக மேற்பரப்பில் ஒவ்வொரு ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டியிருக்கும். இரண்டு இழுபடும், இரண்டு நசுங்கும். மூட்டையை மேடையின் ஓரத்தில் வைத்தாலும் எடை மாறாமல் இருப்பது இந்த இரட்டைத் துளை வடிவத்தால்தான்.

கேஜ் என்பது ஏறத்தாழ 5 மைக்ரான் கனமுள்ள கான்ஸ்டன்டன் (செம்பு-நிக்கல் கலவை) தகடு. பாலிஇமைடு படலத்தின்மேல் பாம்புபோல் மடித்து மடித்துப் பொறித்திருப்பார்கள். ஒவ்வொன்றும் 350 ஓம். நீளம் எந்த விகிதத்தில் மாறுகிறதோ, மின்தடை அதைப்போல் சுமார் 2 மடங்கு விகிதத்தில் மாறும். முழு 200 கிலோ ஏறும்போது அந்த மெலிந்த இடத்தின் திரிபு (நீளம் மாறும் விகிதம்) ஏறத்தாழ 1000 மைக்ரோஸ்ட்ரெயின், அதாவது ஒரு மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர். எனவே 350 ஓமில் மாற்றம் 0.7 ஓம். இதிலிருந்து 50 கிராமுக்கு இறங்கிப் பார்த்தால் 0.000175 ஓம். தராசின் ஒரு படி அவ்வளவுதான்.

நான்கு கேஜும் வீட்ஸ்டன் பாலமாக, அதாவது இரண்டு மூலைகளில் சப்ளையும் மற்ற இரண்டில் சிக்னலும் உள்ள சதுரமாக, இணைந்திருப்பதால் செல்லின் வெளியீடு, முழு பாரத்தில், கொடுக்கும் ஒவ்வொரு வோல்ட்டுக்கும் 2 மில்லிவோல்ட். 5 வோல்ட் கொடுத்தால் ஒரு கிலோவுக்கு 50 மைக்ரோவோல்ட், 50 கிராமுக்கு 2.5 மைக்ரோவோல்ட்.

இப்போது ஒரு கேஜுக்குக் குறுக்கே ஈரத்தால் 1 மெகா ஓம் கசிவுப் பாதை உண்டானதாக வைத்துக்கொள்வோம். பாலம் காட்டும் பொய்ச் சிக்னல் வோல்ட்டுக்கு 0.0875 மில்லிவோல்ட். கிலோவில் சொன்னால் 8.75 கிலோ! கசிவு 10 மெகா ஓம் ஆனால் 875 கிராம். 100 மெகா ஓமிலும் இன்னும் 87 கிராம் தப்பு. 1000 மெகா ஓம் தாண்டினால்தான் 9 கிராமுக்குக் கீழே போய்க் கண்ணில் படாமல் மறையும். வீட்டு ஒயரிங்கில் 10 மெகா ஓம் மின்காப்பு என்றால் நிம்மதியாக இருப்போம். லோட் செல்லுக்கு அது பெரிய பழுது. பினாங்கில் காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுக்க 80 சதவீதத்தைச் சுற்றியே இருப்பதால் இந்தக் கணக்கு இங்கே ஏட்டளவில் நிற்பதில்லை.

செல்லைக் கழற்றுமுன் பார்க்க வேண்டியவை

மேடையைத் தூக்கிவிட்டு முதலில் ஸ்டாப்பர் போல்ட்டுகளைப் பார்க்க வேண்டும். அளவுமீறிய பாரத்திலிருந்து செல்லைக் காக்க அடியில் இருக்கும் போல்ட்டுகள் அவை. இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அங்கே ஒரு பருப்பு சிக்கினால் போதும், பாரத்தின் ஒரு பகுதி செல்லைத் தொடாமலே தரைக்கு இறங்கிவிடும். அப்போது எடை குறைத்துக் காட்டும், சைபருக்கும் திரும்பாது. எறும்புக் கூடு, கரப்பான் முட்டை எல்லாம் இதே இடத்தில்தான் கிடைக்கும். பிரஷ் போட்டுச் சுத்தம் செய்து, நீர்மட்டக் குமிழை நடுவில் நிறுத்திவிட்டு மறுபடி சோதிக்க வேண்டும். இந்தத் தராசில் அங்கே எதுவும் இல்லை.

அடுத்து இண்டிகேட்டர், அதாவது செல்லின் சிக்னலை எடையாகத் திரையில் காட்டும் பெட்டி. 348 ஓம், 1 சதவீத மெட்டல் ஃபிலிம் மின்தடைகள் நான்கை ஒரே பட்டையிலிருந்து எடுத்துச் சதுரமாகப் பற்றவைத்தால் ஒரு பொய்ப் பாலம் தயார். செல்லுக்குப் பதிலாக இதை இணைத்து அரைநாள் விட்டால், எண் அசையாமல் இருந்தால் இண்டிகேட்டர் நல்லது. நான்கில் ஏதாவது ஒன்றுக்குக் குறுக்கே 100 கிலோ ஓம் மின்தடையைத் தொட்டால் எண் சுமார் 86.8 கிலோ தாவ வேண்டும். தாவினால் அதன் அளவீடும், அதாவது சிக்னலை எடையோடு பொருத்தியிருப்பதும், ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். சில ரிங்கிட்டில் முடியும் இந்தக் கருவி இல்லாமல் தராசு வேலையில் இறங்கக் கூடாது என்பது நம் கருத்து.

பிறகு செல்லின் நான்கு ஒயர்களையும் இண்டிகேட்டரிலிருந்து கழற்றி மல்ட்டிமீட்டரில் அளக்க வேண்டும். சிவப்பும் கறுப்பும் சப்ளை, பச்சையும் வெள்ளையும் சிக்னல் என்பது பரவலான வழக்கம். பச்சை, வெள்ளையை மாற்றிப் போடுபவர்களும் உண்டு. இந்தச் செல்லில் சிவப்பு-கறுப்பு 408 ஓம், பச்சை-வெள்ளை 351 ஓம், மற்ற நான்கு ஜோடிகளும் 291, 292. சப்ளைப் பக்கம் அதிகமாக இருப்பது வெப்ப ஈடுசெய்யும் மின்தடைகள் உள்ளே தொடரில் இருப்பதால். அது பழுது இல்லை. ஒரு கேஜ் அறுந்திருந்தால் பச்சை-வெள்ளை 700 ஓமை ஒட்டிக் காட்டியிருக்கும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மல்ட்டிமீட்டர் எல்லாம் சரி என்கிறது. ஆனால் 6 மெகா ஓம் கசிவு 350 ஓமை மாற்றுவது வெறும் 0.02 ஓம். சாதாரண மீட்டர் அதைக் காட்டவே காட்டாது. இதற்கு மின்காப்பை அளக்கும் இன்சுலேஷன் டெஸ்டர் வேண்டும், அதுவும் 50 வோல்ட்டில் அளப்பது. அதிகம் போனால் 100 வோல்ட். ஒயரிங் ஆட்கள் வைத்திருக்கும் 500 வோல்ட் மெகரை ஒருபோதும் வைக்கக் கூடாது. மெல்லிய படலத்தையும் பசையையும் அது துளைத்துவிடலாம். நான்கு ஒயர்களையும் ஒன்றாக முறுக்கி ஒரு முனை, செல்லின் வெறும் உலோகம் மறுமுனை. அடுத்து அதே நான்குக்கும் கேபிளின் ஷீல்டுக்கும் (ஒயர்களைச் சுற்றிய உலோக உறை) இடையே இன்னொரு அளவு. இண்டிகேட்டர் இணைப்பில் இருக்கும்போது டெஸ்டரை அழுத்தினால் இண்டிகேட்டர் போய்விடும்.

நல்ல செல் 2000 மெகா ஓமுக்கு மேல் காட்டும். இது காட்டியது 6.

செல்லின் உலோக உடலுக்குக் கசிவது எப்படி எடையைப் பாதிக்கும் என்று கேட்கலாம். ஒரே ஒரு புள்ளி மட்டும் உடலுக்குக் கசிந்தால், உடல் வேறெங்கும் இணையாதவரை, ஒன்றும் ஆகாது. ஆனால் ஈரம் ஒரு புள்ளியோடு நிற்காது. சிக்னல் முனையிலிருந்து உடலுக்கு ஒன்று, சப்ளை முனையிலிருந்து உடலுக்கு இன்னொன்று என்று உண்டானால் இரண்டும் சேர்ந்து ஒரு கேஜுக்குக் குறுக்கே போட்ட மின்தடை ஆகிவிடும். ஈரம் கூடக்குறைய அந்த மின்தடையும் மாறும், எண்ணும் கூடவே நடக்கும்.

இன்னொரு பிரித்தறிதல். மூட்டையை மேடையில் ஓங்கிப் போட்டதால் கட்டை நிரந்தரமாக வளைந்துவிடுவதும் உண்டு. அப்போதும் சைபர் மாறும், ஆனால் மாறிய இடத்திலேயே அசையாமல் நிற்கும். மேடையை எடுத்துவிட்டு 5 வோல்ட் கொடுத்து பச்சை-வெள்ளையில் அளந்தால் நல்ல செல் 0.1 மில்லிவோல்ட்டுக்குள் இருக்கும். 1 மில்லிவோல்ட் காட்டினால் 20 கிலோ அளவுக்குக் கட்டை விட்டுக்கொடுத்துவிட்டது என்று பொருள், அதைச் சரிசெய்ய முடியாது. இந்தச் செல்லில் காலையில் 0.07, மதியம் 0.13. நடமாட்டம் இருக்கிறது, வளைவு இல்லை.

உள்ளே என்ன இருந்தது

துளையைச் சுற்றியிருந்த வெள்ளை சிலிக்கானை மூங்கில் குச்சியைச் சீவி, அதன் முனையால் நெம்பி எடுக்க வேண்டும். பிளேடு வேண்டாம். கேஜிலிருந்து பக்கத்துச் சிறு போர்டுக்குப் போகும் ஒயர்கள் தலைமுடி அளவுதான், சிலிக்கானோடு பிய்ந்து வரும். பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு, ஒயர் போகும் திசையிலேயே கொஞ்சம் கொஞ்சமாக உரிக்க வேண்டும்.

கேபிள் நுழையும் மூலையில் இரண்டு பற்றுமுனைகளுக்கு நடுவே பச்சை பூத்திருந்தது. பற்றவைத்தபோது கழுவாமல் விட்ட ஃபிளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பூச்சு) ஈரத்தை இழுத்து, செம்பை அரித்த அடையாளம் அது. அந்த மூலையில் வாயை வைத்து மெல்ல ஒரு ஊது ஊதினால் எண் இரண்டு கிலோவுக்குத் தாவி, அரை நிமிடத்தில் இறங்கியது. கசிவு எங்கே என்று காட்ட இதைவிட எளிய சோதனை கிடையாது. மற்ற மூன்று மூலைகளில் ஊதியபோது எண் லேசாகக்கூட அசையவில்லை.

ஈரம் அந்த மூலைக்கு வந்த வழி கேபிள். இண்டிகேட்டர் பக்கம் எலி கடித்து உறை கிழிந்திருந்தது. கிழிந்த இடத்தில் இறங்கும் ஈரம், முறுக்கிய இழைகளுக்கு இடையே ஊர்ந்து மீட்டர்கணக்கில் போய் செல்லுக்குள் சேரும். செல்லைச் சுற்றி எவ்வளவு பூசினாலும் இந்த வழியை அடைக்காவிட்டால் வேலை வீண். கடித்த பகுதியை வெட்டி எறிந்து கேபிளைக் குட்டையாக்குவதும் சரியில்லை. நான்கு ஒயர் செல்லின் அளவீடு கேபிளின் நீளத்தையும் சேர்த்தது. 26 ஏடபிள்யூஜி தடிமனுள்ள செம்புக் கம்பி மீட்டருக்கு 0.134 ஓம். 2 மீட்டர் வெட்டினால் போக, வர 0.54 ஓம் குறையும், 100 கிலோவில் 130 கிராம் தப்பும். கிழிந்த இடத்தை ஐசோபுரொப்பனாலில் (ஒரு வகை ஆல்கஹால்) துடைத்து, உலர்த்தி, உள்ளே பசை பூசிய ஹீட் ஷ்ரிங்க் குழாயை 8 சென்டிமீட்டருக்குச் சுருக்கிவிட்டோம்.

கழுவி, உலர்த்தி, மூடுவது

முதலில் டிஸ்டில்ட் வாட்டர், பிறகுதான் ஐசோபுரொப்பனால். வரிசை முக்கியம். சமையற்கூடத்தில் உப்பு இருக்கும், கடற்காற்றும் உப்பைக் கொண்டுவரும். உப்பு ஆல்கஹாலில் சரியாகக் கரையாது, தண்ணீரில்தான் போகும். ஃபிளக்ஸ் தண்ணீரில் போகாது, ஆல்கஹாலில் போகும். மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, நூல் உதிராத துணியில் ஒற்றி எடுத்து, மறுபடி புது ஆல்கஹால். குழாய்த் தண்ணீர் வேண்டாம். கழுவியபின் 40 மெகா ஓம் வந்தது.

மீதி ஈரம் பசைக்குள்ளும் கேபிளுக்குள்ளும் ஊறியது. அதற்கு ஓவன். 70 டிகிரி, 6 முதல் 8 மணி நேரம். ஓவனின் குமிழில் எழுதியிருப்பதை நம்பாமல் உள்ளே தனியாக ஒரு தெர்மாமீட்டர் வைக்க வேண்டும். 80 டிகிரியைத் தாண்டினால் பிவிசி கேபிள் இளகும். ஹேர் டிரையர், ஹீட் கன் இரண்டும் கூடாது. கட்டையின் ஒரு பக்கம் மட்டும் சுட்டு, பசையைக் கெடுக்கும். சூடாக இருக்கும்போது மின்காப்பு அளவு குறைத்துக் காட்டும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஏர்கோன் அறையில், சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுக்குள் ஆறவிட்டு அளந்தபோது டெஸ்டரின் எல்லையான 2000 மெகா ஓமைத் தாண்டியிருந்தது.

மூடுவதில்தான் தவறு அதிகம் நடக்கிறது. சிலிக்கான் தண்ணீர்த் துளியைத் தடுக்கும், நீராவியைத் தடுக்காது. பினாங்குக் காற்றில் சிலிக்கான் மட்டும் பூசிய செல் மறுபடி ஈரம் குடிக்கும். அதிலும் புளித்த வினிகர் வாசம் வரும் சாதாரண சிலிக்கான் காயும்போது அசெடிக் அமிலம் விடும். அது கேஜையும் பற்றுமுனைகளையும் அரிக்கும். எனவே முதல் அடுக்கு மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு. கட்டை 45, 50 டிகிரி சூட்டில் இருக்கும்போதே உருக்கி, கேஜ், ஒயர், போர்டு எல்லாவற்றையும் மூடி சுமார் 2 மில்லிமீட்டருக்கு ஊற்ற வேண்டும். குளிர்ந்த கட்டையில் ஊற்றினால் ஒட்டாமல் மேலே உறையும், அடியில் காற்று நிற்கும். மெழுகுவர்த்தி மெழுகு உதவாது, ஆறியதும் வெடிக்கும். இதன்மேல் பியூட்டைல் ரப்பர் டேப், தகரக் கூரை ஒட்டும் அதே சாமான். ஓரங்கள் வெறும் அலுமினியத்தில் 10 மில்லிமீட்டராவது படிய அழுத்த வேண்டும். அதற்கு மேல் அலுமினிய ஃபாயில். நீராவிக்கு உலோகத்தைவிட நல்ல தடுப்பு இல்லை. கடைசியில் அடிபடாமல் காக்க, அமிலம் விடாத நியூட்ரல் க்யூர் சிலிக்கான்.

200 கிலோ செல்லுக்கு இந்தப் பூச்சின் விறைப்பு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் 3 கிலோ, 5 கிலோ செல்லில் இதையே செய்தால் ரப்பர் கட்டையோடு சேர்ந்து வளைந்து, எடையை எடுத்தபின் சைபருக்குத் திரும்பத் தாமதமாகும். சிறிய செல்லுக்கு மெழுகு மட்டும், அதுவும் மெல்லிசாக.

மாட்டும்போது போல்ட் முகங்கள் இரண்டும் தூசி, பிசிர் இல்லாமல் இருக்க வேண்டும். முறுக்கு விசை செல்லின் தாளில் உள்ளபடி, டார்க் ரெஞ்சில். கேபிள் செல்லைவிட்டு முதலில் கீழே தொங்கி, பிறகு மேலேறிப் போகட்டும். துளி வழிந்தால் செல்லுக்குள் போகாமல் கீழே சொட்டும்.

அளவீடும் நடமாட்டச் சோதனையும்

150 கிலோ தராசுக்கு 10 கிலோ வைத்து அளவீடு செய்வது சரியில்லை, பாதிக்கு மேல் ஏற்ற வேண்டும். கையில் இருந்தது எம்1 என்ற துல்லிய வகுப்பைச் சேர்ந்த 20 கிலோ எடைக்கற்கள் இரண்டு. மீதிக்கு அரிசி. 40 கிலோ கற்களை வைத்து, இண்டிகேட்டரின் உள் எண்ணை (எடையாக மாற்றுமுன் உள்ள எண்) குறித்துக்கொண்டு, கற்களை எடுத்துவிட்டு அதே எண் வரும்வரை அரிசியை ஏற்ற வேண்டும். இப்போது மேடையில் 40 கிலோ அரிசி. அதன்மேல் கற்களை வைத்தால் 80. மறுபடி கற்களை எடுத்து 80க்கு அரிசி, அதன்மேல் ஒரு 20 கிலோ கல், ஆக 100. பையில் அச்சடித்த எடையை இதில் எங்குமே நம்பவில்லை என்பதைக் கவனிக்க.

வெளிநாட்டில் அளவீடு செய்து வந்த தராசைக்கூட இங்கே மறுபடி அளக்க வேண்டும். லோட் செல் அளப்பது விசையை. பினாங்கில் புவியீர்ப்பு முடுக்கம் 9.781 மீ/வி². அது 9.81 ஆக உள்ள ஐரோப்பிய ஊரில் அளவீடு செய்ததென்றால் 100 கிலோவுக்கு இங்கே சுமார் 300 கிராம் குறைத்துக் காட்டும்.

மூலைச் சோதனைக்கு 50 கிலோவை மேடையின் நான்கு கால்பகுதிகளிலும் மாற்றி மாற்றி வைத்தோம். வித்தியாசம் ஒரு படிக்குள். மூலை தப்பினால் கட்டையை அரத்தால் ராவிச் சரிசெய்யும் வழக்கம் தொழிற்சாலையில் உண்டு, நாம் அதில் இறங்கக் கூடாது. பிறகு 100 கிலோவை 30 நிமிடம் அப்படியே விட்டோம். நல்ல செல்லில் இந்த நேரத்தில் ஏற்படும் ஊர்வு (பாரம் மாறாமலே எண் மெல்ல நகர்வது) 0.02 சதவீதம், அதாவது 20 கிராம். திரையில் ஒரு படிகூட மாறவில்லை.

சைபர் நடமாட்டத்தைப் பார்க்க இண்டிகேட்டருக்குப் பதில் செல்லின் சிக்னலைப் பெருக்கி எண்ணாக்கும் எச்எக்ஸ் 711 சிப் போர்டையும் ஒரு ஆர்டுயினோ சிறு கணினிப் போர்டையும் போட்டு இரவும் பகலும் பதிவு செய்வது நல்லது. இண்டிகேட்டர்கள் சிறு நகர்வைத் தாமாகவே சைபர் ஆக்கி மறைத்துவிடும், உண்மை தெரியாது. பெருக்கம் 128, நொடிக்கு 10 அளவு. இந்தச் செல்லுக்கு ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 21,475 எண்கள், ஆக ஒரு படிக்கு 1,070 சொச்சம். மலிவான பச்சைப் போர்டுகள் சிலவற்றில் சப்ளையின் மைனஸ் முனை கிரவுண்டோடு இணைந்திருக்காது. எண் தாறுமாறாக ஓடினால் முதலில் அதைத்தான் மீட்டரில் பார்க்க வேண்டும். அடுப்பு எரியும் நேரத்தையும் ஒரு மழையையும் சேர்த்துப் பதிவு செய்ததில் நடமாட்டம் ஒரு படிக்குள் அடங்கியது. 10 டிகிரி வெப்பத்துக்கு 40 கிராம் வரை நகர்வது இந்த வகைச் செல்லின் இயல்பு. அதற்குமேல் எதிர்பார்க்கவும் கூடாது.

எதை மீட்க முடியாது?

ஓவனுக்குப் பிறகும் 500 மெகா ஓம் தாண்டாவிட்டால், அல்லது கேஜின் ஓரம் படலத்தோடு தூக்கிக்கொண்டிருந்தால் செல்லை மாற்றத்தான் வேண்டும். புது கேஜ் வாங்கி நாமே ஒட்டலாமே என்று தோன்றும். 1938இல் எட்வர்ட் சிம்மன்ஸும் ஆர்தர் ரூஜும் தனித்தனியே மெல்லிய கம்பியை உலோகத்தில் ஒட்டிக் காட்டியதிலிருந்து இன்றுவரை இந்தத் தொழிலின் உயிர் பசையில்தான் இருக்கிறது. உடனே பிடிக்கும் சயனோஅக்ரிலேட் பசை ஒரு வளைவுச் சோதனைக்கு நன்றாக உழைக்கும். இரவும் பகலும் மேடையின் பாரம் ஏறி நிற்கும் தராசில் அது ஈரத்தில் தளர்ந்து ஊரத் தொடங்கும். தொழிற்சாலையில் எபாக்ஸி-ஃபீனாலிக் பசையைக் கவ்வியால் அழுத்தி, 150 டிகிரிக்கு மேல் மணிக்கணக்கில் வேகவைக்கிறார்கள். நான்கு கேஜும் ஒரே தொகுப்பு, அலுமினியத்தின் டிகிரிக்கு 23 மைக்ரோஸ்ட்ரெயின் வெப்ப விரிவுக்குப் பொருத்தியவை. கற்றுக்கொள்ள ஒட்டிப் பார்க்கலாம், கட்டாயம் ஒட்டிப் பார்க்க வேண்டும். தராசில் மாட்ட அல்ல.

மாற்றுச் செல் வாங்கும்போது கிலோவை மட்டும் சொல்லி வாங்கினால் பொருந்தாது. போல்ட் துளைகளின் இடைவெளி, மரையின் அளவு, கட்டையின் உயரம், வோல்ட்டுக்கு எத்தனை மில்லிவோல்ட், எந்த மேடை அளவுக்கு ஏற்றது என்பவற்றை எழுதிக்கொண்டு போக வேண்டும். ஆவி அடிக்கும் இடம் என்றால் கேஜ் அறையை உலோகத் தகடால் வெல்டிங் செய்து மூடிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் செல்லுக்குக் காசு கொடுப்பது நல்லது. வாங்கிய அன்றே, மாட்டுவதற்கு முன், மின்காப்பையும் 5 வோல்ட்டில் சைபர் மில்லிவோல்ட்டையும் அளந்து மேடையின் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கரில் எழுதிவிட வேண்டும். அடுத்த முறை எண் நடக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க வேறு ஆதாரம் இருக்காது.